தேதி இல்லாத பணம்

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, ஏலச்சீட்டு, அஞ்சலகத்தில் ஆர்.டி., பிள்ளைகள் பெயரில் எல்.ஐ.சி. பாலிசி, சமையலறை டப்பாவில் கொஞ்சம் கைக்காசு என்று மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பதில் நம் வீடுகள், குறிப்பாக வீட்டுப் பெண்கள், கைதேர்ந்தவர்கள். ஆனாலும் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெறும் பலரிடம், குடியிருக்கும் வீட்டைத் தவிர, பெரிதாக எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. சேமித்த பணமெல்லாம் எங்கே போனது?

நம் சேமிப்பு ஒவ்வொன்றுக்கும் பிறக்கும்போதே ஒரு தேதி குறித்துவிடுகிறோம். தீபாவளிச் சீட்டு ஐப்பசியில் முடியும். நகைச் சீட்டு பதினோரு மாதத்தில் வளையலாகும். ஏலச்சீட்டு காதுகுத்துக்கு, ஆர்.டி. கல்லூரிக் கட்டணத்துக்கு, பாலிசி மகள் கல்யாணத்துக்கு. இவை எல்லாமே நியாயமான செலவுகள். ஒன்றைக்கூட வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேதி வந்ததும் பணம் போய்விடுகிறது, அடுத்த மாதம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறோம். செல்வம் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பணம் வளர வேண்டுமானால், குடும்ப வருமானத்தில் ஒரு சிறு பகுதியாவது இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு யாரும் கை வைக்காமல் கிடக்க வேண்டும். பட்ஜெட் போடுவதன் முதல் வேலை அந்தப் பகுதியைக் காப்பாற்றுவதுதான் என்பது என் எண்ணம். சிக்கனம் அதற்கு அப்புறம்.

ஏன் அவ்வளவு காலம்? கணக்கைப் பார்த்தால் புரியும். மாதம் 4,500 ரூபாய், வருடத்துக்கு 10 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து சுமார் 9.2 லட்சம் இருக்கும். இருபதாவது வருட முடிவில் 34 லட்சம். இருபத்தைந்தில் 59.7 லட்சம். கடைசி ஐந்து வருடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த ஐந்து வருடத்தில் நாம் கையிலிருந்து போட்டது 2.7 லட்சம், தொகை கூடியதோ 25 லட்சத்துக்கும் மேல். இருபதாம் வருடம் ஏதோ ஒரு விசேஷத்துக்காக அந்தப் பணத்தை உடைத்தவருக்கு, வளர்ச்சியில் ஏறக்குறைய பாதி வருவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது. ஏழாம் வருடம், பத்தாம் வருடம் உடைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் கண்ணுக்குக் கூட்டுவட்டி தென்பட்டிருக்கவே இருக்காது. அதனால் அப்படி ஒன்று இருப்பதாகவே அவர்கள் நம்புவதில்லை.

இந்த 4,500 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். சேலமோ திருச்சியோ, வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 42,000. வாடகை 9,000. மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 10,500. மின்சாரம், போன் 1,500. பெட்ரோல் 2,500. மருந்து மாத்திரை, சில்லறைச் செலவு 1,500. மொத்தம் 25,000. நோட்டில் இப்படி எழுதிப் பார்க்கும் எவருக்கும் மாதம் 17,000 மிஞ்சுவதாகத் தோன்றும். ஆனால் மாதக் கடைசியில் அந்தப் பதினேழாயிரம் யார் வீட்டிலும் இருப்பதில்லை.

காரணம், இந்த நோட்டில் மாதச் செலவு மட்டும்தான் இருக்கிறது; வருடச் செலவு இல்லை. அதே குடும்பத்துக்கு ஜூனில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை 60,000. தீபாவளி, பொங்கல் துணிமணி 25,000. மொய், சீர்வரிசை, உறவினர் விசேஷங்களுக்குப் போய்வரும் செலவு 25,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 20,000. ஊருக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போய்வர 12,000. வண்டிக்கு இன்சூரன்ஸ், சர்வீஸ் 8,000. கூட்டினால் ஒன்றரை லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12,500, அதாவது சம்பளத்தில் முப்பது சதவீதம். உண்மையில் மிஞ்சுவது 4,500 மட்டுமே.

“திடீர்ச் செலவு வந்துவிட்டது” என்று சொல்லித்தான் நகையை அடகு வைக்கிறோம், கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம். ஜூன் மாதம் பள்ளி திறப்பது திடீர் இல்லை. தீபாவளியின் தேதி காலண்டரில் முன்கூட்டியே அச்சாகியிருக்கிறது. ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பத்திரிகை வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனவே பட்ஜெட் போடத் தொடங்குபவர் தினம் டீ குடித்த கணக்கை எழுதுவதில் உயிரை விட வேண்டாம். போன வருடத்தின் வங்கிப் பாஸ்புக்கையும் மொய் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை இருமுறை வரும் செலவுகளை மட்டும் பட்டியலிட்டால் போதும். அந்தத் தொகையைப் பன்னிரண்டாக வகுத்து, சம்பளம் வந்த அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். ஏ.டி.எம். கார்டும் யு.பி.ஐ.யும் இணைக்காத கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. தேதி உள்ள பணம் அங்கே இருக்கட்டும். அது தனியாக இருந்தால்தான் தேதி இல்லாத பணத்தை யாரும் தொடாமல் இருப்பார்கள்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு, அதாவது ஆட்டோ ஓட்டுபவர், தறி வைத்திருப்பவர், சிறு கடைக்காரர் போன்றவர்களுக்கு, இதே கணக்கு வேறு விதமாக வரும். சராசரி வருமானத்தை வைத்துத் திட்டம் போட்டால் மோசமான மாதத்தில் கடன் வாங்க நேரும். போன ஒரு வருடத்தில் எந்த மாதம் மிகக் குறைவாக வந்ததோ அதை வைத்துத்தான் வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டும். நல்ல மாதத்தில் வரும் உபரி, மறுநாளே கடை முதலுக்குள் கலந்துவிடாமல் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கல்லாவில் கிடக்கும்வரை, தொழில் லாபத்தில் நடக்கிறதா என்பதே தெரியாது.

முதலீட்டுக்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று கடன். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி போடுகிறார்கள். வருடத்துக்கு அது நாற்பதைத் தொடும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்றாலும், மீட்டர் வட்டிக்கு வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாற்பது சதவீதம் கட்டிக்கொண்டு பத்து, பன்னிரண்டு சதவீதம் தரும் இடத்தில் பணம் போடுவதில் பொருளில்லை. வீட்டில் நகை இருந்தால், வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அதை வைத்து அந்தக் கடனை அடைத்துவிட்டு, நகைக்கடனைத் தவணை போட்டு மீட்பது எவ்வளவோ மேல்.

இன்னொன்று அவசரகாலப் பணம். வேலை போனாலோ, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலோ ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் தொகை. நம் மாதிரிக் குடும்பத்துக்கு மாதம் 25,000 என்றால் ஒன்றரை லட்சம். மலைப்பாக இருக்கும். முதலில் மூன்று மாதத்துக்கானதைச் சேர்த்தால் போதும்: மிஞ்சும் 4,500-ஐ முதல் ஒன்றரை வருடம் முழுதாக இதற்கே ஒதுக்கினால் 75,000 தேறிவிடும். இதை வங்கி வைப்புநிதியில் வைக்க வேண்டும், வேறெங்கும் கூடாது. 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரையிலான வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு. அதற்கு முன் அந்த வரம்பு வெறும் ஒரு லட்சமாக இருந்தது. ஒன்றரை வருடம் முதலீடு எதுவும் செய்யாமல் இருக்கிறோமே என்று தோன்றலாம். ஆனால் இந்தத் தொகை இல்லாமல் முதலீட்டைத் தொடங்கியவர்கள்தான், சந்தை விழுந்த நேரமாகப் பார்த்து, ஆஸ்பத்திரி பில்லுக்காக நஷ்டத்தில் விற்றுவிட்டு வெளியேறுகிறார்கள்.

ஆஸ்பத்திரி பில் என்றதும் காப்பீட்டைச் சொல்லியாக வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்கு மேல் உள்ளவர்கள் சொந்தமாக எடுக்க வேண்டும். நிறுவனம் தரும் காப்பீடு வேலை இருக்கும்வரைதான். ஆயுள் காப்பீட்டில் நம் வீடுகள் செய்யும் தவறு பழையது. முதிர்வுத் தொகை வரும் பாலிசிதான் நல்லது, இறந்தால் மட்டும் தொகை தரும் டேர்ம் பாலிசியில் “கட்டின பணம் போயிடும்” என்ற எண்ணம். முதிர்வுத் தொகை தரும் வழக்கமான பாலிசிகளில் பணம் வளரும் வேகம் பெரும்பாலும் வருடத்துக்கு ஐந்து, ஆறு சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். குடும்பத் தலைவர் இறந்தால் வரும் காப்பீட்டுத் தொகையும் சிறியது. அதே பிரீமியத்தில் ஒரு பகுதிக்கே டேர்ம் பாலிசியில் பல மடங்கு காப்பீடு கிடைக்கும். மார்ச் மாதம் வந்தால் வரிக்காக அவசர அவசரமாகப் பாலிசி எடுக்கும் வழக்கத்துக்கும் இப்போது காரணமில்லை. புதிய வரிமுறையில் பாலிசி பிரீமியத்துக்கான 80சி கழிவே கிடையாது. 2025-26 முதல் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரையிலான ஊதியத்துக்கு வரியும் இல்லை.

இனி சீட்டு. படித்தவர்கள் பலர் ஏலச்சீட்டை இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்கி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்கு நூறாண்டுக்கு மேலாகக் கடனும் சேமிப்பும் ஒரே இடத்தில் தந்த ஏற்பாடு அது. இருபது பேர், மாதம் ஐயாயிரம், இருபது மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைப்போம். இந்த மாதம் அவசரமாகப் பணம் தேவைப்படுபவர் 20,000 தள்ளி 80,000-க்கு எடுக்கிறார். தள்ளிய இருபதாயிரத்தில் சீட்டு நடத்துபவருக்கு 5,000 கமிஷன்; மீதி 15,000 இருபது பேருக்கும் தலைக்கு 750 ஆகப் பிரியும். முதலில் எடுப்பவருக்கு இது கடன். கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. நடத்துபவரின் கமிஷன் ஒவ்வொரு மாதமும் போகிறது. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தில் 5 சதவீதமாக இருந்த அந்த உச்சவரம்பு 2019-இல் 7 சதவீதமாகக் கூட்டப்பட்டது. ஆகவே தள்ளுத் தொகை குறைவாகப் போகும் சீட்டில் கடைசிவரை காத்திருப்பவருக்கு வங்கி வட்டிகூடத் தேறாமல் போகலாம். தேதி உள்ள செலவுக்கும், சிறு தொழிலுக்கு முதல் திரட்டவும் சீட்டு நல்ல வழிதான். அதுவும் பதிவுத்துறையில் முறையாகப் பதிவு செய்த சீட்டாக இருந்தால் மட்டும். இருபது மாதத்தில் முடிந்துவிடும் ஒன்றில் இருபது வருட வளர்ச்சியை எதிர்பார்க்க முடியாது.

நகைச் சீட்டு பதினோரு மாதத்தோடு நின்றுவிடுவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்கான முன்பணத்தை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் சட்டப்படி அது வைப்புத்தொகையாகிவிடும். அதற்குள் நகையாக எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்கும்போது செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. மூன்றும் சேர்கின்றன. கடைசியில் மிஞ்சுவது முதலீடா ஆபரணமா என்பதை அந்த நகையை விற்கப் போகும் நாளில் தெரிந்துகொள்ளலாம்.

தங்கத்தின் விலை சமீப வருடங்களில் ஏறிய ஏற்றத்தைப் பார்த்துவிட்டு “தங்கத்தை விடவா?” என்று கேட்காதவர் இல்லை. கேள்வி நியாயமானதே. தங்கம் நெடுங்காலமாக நம் குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 2012-இல் பத்து கிராம் சுமார் 30,000 ரூபாய் விற்ற தங்கம், 2018-இலும் ஏறத்தாழ அங்கேதான் நின்றது. ஆறு வருடம் அசையாமல் கிடந்த அந்தக் காலம் இப்போது யார் நினைவிலும் இல்லை. மொத்தச் சொத்தில் பத்து, பதினைந்து சதவீதம் தங்கம் இருக்கட்டும் என்பேன். நம் வீடுகளில் ஏற்கெனவே நகையாக அதற்கு மேலேயே இருக்கும். புதிதாக வாங்கத் தேவையே இருக்காது.

பங்குச்சந்தை, பலர் பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட் என்றால் நம் பெரியவர்கள் முகம் சுளிப்பதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் பட்டது கொஞ்சமில்லை. 1990-களில் சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் தெருவுக்குத் தெரு முளைத்த ஃபைனான்ஸ் கம்பெனிகள் 24, 30 சதவீத வட்டி ஆசை காட்டி வசூலித்துவிட்டு மூடின. ஓய்வூதியப் பணத்தை அப்படியே தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். அதன் விளைவாகத்தான் 1997-இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு, அரசாங்கத்து நிறுவனம் என்று நம்பி லட்சக்கணக்கானோர் பணம் போட்டிருந்த யூனிட் டிரஸ்டின் யு.எஸ். 64 திட்டம், 2001 ஜூலையில் பணத்தைத் திருப்பித் தருவதை நிறுத்திவைத்தது. 1964-இல் தொடங்கி, வங்கி வைப்புக்குச் சமமாகப் பாதுகாப்பானது என்று நம்பப்பட்ட திட்டம் அது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த ஒரு தலைமுறை, வங்கியையும் தங்கத்தையும் தவிர எதையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்ததில் என்ன தவறு?

ஆனால் அந்த இரண்டு சம்பவங்களும் சொல்வது ஒன்றே ஒன்று: நம் பணத்துக்கு எதிரே என்ன சொத்து இருக்கிறது, அதன் அன்றாட விலை என்ன என்பது தெரியாமல் பணம் போடக் கூடாது. ஃபைனான்ஸ் கம்பெனிகள் கணக்கையே காட்டவில்லை. யு.எஸ். 64-இன் விலை, அதற்குள் இருந்த பங்குகளின் உண்மை மதிப்போடு ஒட்டாமல், நிர்வாகமே நிர்ணயிப்பதாக இருந்தது. இன்றைய மியூச்சுவல் ஃபண்ட் ஒவ்வொரு வேலை நாளும் தன் யூனிட் மதிப்பை வெளியிட வேண்டும். எந்தெந்தப் பங்குகளை வைத்திருக்கிறது என்பதை மாதாமாதம் சொல்ல வேண்டும். பங்குகள் ஃபண்ட் நிறுவனத்திடம் இல்லாமல் தனிப் பாதுகாவலரிடம் இருக்கும். விலை விழாது என்று இதற்குப் பொருளில்லை, நிச்சயம் விழும். இதெல்லாம் எதுவும் இல்லாமல் மாதம் இரண்டு, மூன்று வட்டி உறுதி என்று பேசிக்கொண்டு, பத்திரிகையோடும் பரிசுப் பொருளோடும் வருபவர்கள் இன்றும் வருகிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, தேதி இல்லாத பணத்தை எங்கே போடுவது? சம்பளக்காரருக்கு முதல் பகுதி ஏற்கெனவே பிடித்தத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பி.எஃப்.-இல் நம் பங்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். நிறுவனம் கட்டுவதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போக மீதி இதில் சேரும். 2023-24, 2024-25 இரண்டு வருடமும் வட்டி 8.25 சதவீதம். பிடித்தம் என்று நாம் சலித்துக்கொள்ளும் இந்தக் கணக்குதான் பல குடும்பங்களில் நிஜமாகவே கூட்டுவட்டி வேலை செய்யும் ஒரே இடம். அதையும் வேலை மாறும்போதெல்லாம் எடுத்துவிடுகிறோம். இருபத்தேழு வயதில் வேலை மாறும் ஒருவர், இரண்டு லட்சத்தை எடுத்து பைக் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இரண்டு லட்சம் ஐம்பத்தேழு வயது வரை 8 சதவீதத்தில் கிடந்திருந்தால் 20 லட்சம். வேலை மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் 2014 முதல் வந்துவிட்டதால் பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றுவது முன்போல அலைச்சல் இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்யத் தோன்றினால், அது இந்த மாற்றமாக இருக்கட்டும்.

பி.எஃப். இல்லாதவர்களுக்கு பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. 1968-இல் வந்த திட்டம். வருடத்துக்கு 500 முதல் ஒன்றரை லட்சம் வரை போடலாம், பதினைந்து வருடம், அதற்குப் பிறகும் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், வட்டிக்கு வரி இல்லை. பத்து வயதுக்குட்பட்ட மகள் இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் இதைவிட ஒரு சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது. இவற்றைச் சுலபத்தில் உடைக்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கோ அதுதான் இவற்றின் பெரிய பலமாகப் படுகிறது. மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு யாராவது கைமாற்றுக் கேட்டால், “பணம் பி.பி.எஃப்.-இல் கிடக்கு, எடுக்க முடியாது” என்று மனத்தாங்கல் இல்லாமல் சொல்ல முடியும்.

இவை விலைவாசியை ஒட்டியோ சற்று முந்தியோ ஓடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாட்டின் தொழில்களில் பங்கு வேண்டும். அதற்கு எளிய வழி இண்டெக்ஸ் ஃபண்ட். தேசியப் பங்குச்சந்தையின் நிஃப்டி 50 பட்டியலில் இருக்கும் ஐம்பது நிறுவனங்களையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்வது; எது ஏறும், எது இறங்கும் என்று யாரும் ஊகிப்பதில்லை. அமெரிக்காவில் ஜான் போகிள் 1976-இல் சாதாரண மக்களுக்காக இப்படி ஒரு ஃபண்டைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரளும் என்று எதிர்பார்த்தார்கள், திரண்டது 1.13 கோடி டாலர்தான். ‘போகிளின் முட்டாள்தனம்’ என்று அன்று ஏளனம் செய்தார்கள். அதன் பலம் செலவு குறைவாக இருப்பதில்தான். 2013 முதல் இந்தியாவில் எல்லா ஃபண்டுக்கும் டைரக்ட் பிளான் உண்டு. அதில் ஏஜென்ட் கமிஷன் கிடையாது. வருடத்துக்கு ஒரு சதவீதம் கமிஷன் போனால் என்ன என்று தோன்றும். மேலே சொன்ன 4,500 கணக்கில் வளர்ச்சி 10-க்குப் பதில் 9 சதவீதமானால், இருபத்தைந்து வருடம் கழித்து 59.7 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 50 லட்சம்தான் இருக்கும். ஒன்பது லட்சத்துக்கு மேல் குறைகிறது. நாம் மொத்தமாகப் போட்டதே 13.5 லட்சம்தான்.

பத்து சதவீதம் என்பது என் அனுமானம், வாக்குறுதி இல்லை. 1979-ஐ 100 என்று அடிப்படையாக வைத்த மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2024 ஜூலையில் 80,000-ஐத் தொட்டது. ஈவுத்தொகையைச் சேர்க்காமலே வருடத்துக்கு சுமார் 16 சதவீதம். இந்த எண்ணைத்தான் எல்லா விளம்பரங்களும் வேறு வேறு வடிவில் காட்டுகின்றன. ஆனால் அதே வரலாற்றில் மற்ற பக்கங்களும் உள்ளன. 1992 ஏப்ரலில் 4,400-ஐத் தாண்டிய சென்செக்ஸ், பதினோரு வருடம் கழித்து 2003 ஏப்ரலில் 3,000 அருகில் நின்றது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டியது, அடுத்த வருடம் மார்ச்சில் 8,000 சொச்சத்தில் கிடந்தது. 2010 தீபாவளியில் ஒருமுறை பழைய உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்கி, 2013 இறுதியில்தான் அதைக் கடந்து போனது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அந்த வருடம் நவம்பரிலேயே புதிய உச்சத்துக்குப் போய்விட்டது என்பது இப்போது தெரிகிறது. ஊரடங்கு தொடங்கிய அந்த வாரத்தில் யாருக்குத் தெரியும்?

அதனால்தான் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. முறை சாமானியருக்குப் பொருந்துகிறது. விலை குறைந்த மாதத்தில் அதே ரூபாய்க்கு அதிக யூனிட் கிடைக்கும். 2008-லிருந்து 2013 வரை நிறுத்தாமல் போட்டவர்கள் வாங்கிய பெரும்பாலான யூனிட்டுகள் உச்ச விலைக்குக் கீழே வாங்கியவை. எஸ்.ஐ.பி. நஷ்டத்தைத் தடுக்காது, தொடர்ந்து போடும் பழக்கத்தை நம் மனநிலையிலிருந்து பிரித்து வங்கிக் கணக்கிடம் ஒப்படைக்கிறது. ஏழு வருடத்துக்குள் தேவைப்படும் எந்தப் பணமும் இதில் இருக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்வேன். மகளின் கல்லூரிச் சேர்க்கை மூன்று வருடத்தில் என்றால் அந்தத் தொகை தேதி உள்ள பணம். அதன் இடம் வைப்புநிதிதான்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது பற்றி நம் பக்கத்து வரலாறே பெரிய பாடம் வைத்திருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் கணக்கிலும் கட்டுப்பாட்டிலும் தேர்ந்தவர்கள். பேரேடும் ஐந்தொகையும் எழுதி, வட்டியை வட்டியோடு சேர்த்துப் பெருக்கி, கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்கே கடன் கொடுத்தவர்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிய, கடன்பட்டவர்களால் திருப்பித் தர முடியாமல் அடமான நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் 6 சதவீத நெல் நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம். 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள், விடுதலைக்குப் பின் பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியது. பல தலைமுறைச் செல்வம் போயிற்று. அவர்களுடைய கணக்கில் பிழையில்லை, உழைப்பிலும் குறையில்லை. சொத்து ஒரே நாட்டில், ஒரே பயிரை நம்பி இருந்தது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பங்குகளில் பாதி, பி.எஃப்., பி.பி.எஃப். வகையில் பாதி என்று வைத்துக்கொண்டு வருடம் ஒருமுறை சரிபார்ப்பவர், விளம்பரத்தில் வரும் எண்ணை எட்ட மாட்டார். அவருக்கு இரவில் தூக்கம் வரும்.

நகரத்தாரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஐந்தொகை. வருடத்துக்கு ஒருமுறை, சித்திரையிலோ ஏப்ரல் முதல் வாரத்திலோ, ஒரு தாளில் இருப்பையெல்லாம் ஒரு பக்கமும் கடன்களையெல்லாம் மறுபக்கமும் எழுதிக் கழித்துப் பார்ப்பது. சம்பளம் கூடியும் இந்த எண் கூடவில்லை என்றால், கூடிய சம்பளம் எங்கோ போகிறது. அந்தச் சமயத்திலேயே எஸ்.ஐ.பி.யையும் உயர்த்த வேண்டும். 4,500-ஐ அப்படியே விடாமல் வருடத்துக்கு 6 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், அதே 10 சதவீத வளர்ச்சியில், இருபத்தைந்து வருட முடிவில் 59.7 லட்சத்துக்குப் பதிலாக 98 லட்சம் வரும். இந்தத் தொகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், அன்றைய 98 லட்சத்துக்கு இன்றைய 29 லட்சத்தின் வாங்கும் சக்திதான் இருக்கும். கோடீஸ்வரர் ஆகலாம் என்று பேசுபவர்கள் இந்த வரியைச் சொல்வதில்லை. ஆனால் பி.எஃப். தனியாக, சொந்த வீடோ ஊரில் நிலமோ தனியாக இருக்க, இன்றைய மதிப்பில் 29 லட்சம் கையில் இருக்கும் அறுபது வயதுக்காரர், பிள்ளைகளிடம் மருந்துக்குக் காசு கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். 42,000 சம்பளத்தில் இது முடிகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்தத் தாளை வீட்டில் ஒருவர் மட்டும் எழுதி அலமாரியில் பூட்டி வைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. பத்து வருடம் யாரும் கேட்காத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க 2023-இல் ‘உத்கம்’ என்று ஓர் இணையதளமே தொடங்க வேண்டி வந்தது. கணவர் இறந்த பிறகு எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், பழைய பாஸ்புக்குகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளை கிளையாக ஏறி இறங்கும் அம்மாக்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஐந்தொகை எழுதும் அன்றே ஒவ்வொரு கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா, கல்யாணத்துக்கு முன் போட்ட அப்பா பெயரே இன்னும் கிடக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதன் நகல் ஒன்று மனைவியிடமோ கணவரிடமோ, இன்னொன்று பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளையிடமோ இருக்கட்டும்.